ஓட்டுநரின் ஸ்தோத்திரம்

ஒரு தடவை பார்த்தாயிற்று. ஒவ்வொரு இருக்கைக்கடியிலும் குனிந்தபடி பின்னாலிருந்து திரும்பவும் முன்னால் வருகிறார். இறங்கிக் கதவைப் பூட்டுகிறார். பத்தடி நடந்தவர் நின்று, பிடரியைத் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் திறந்து ஏறுகிறார். பள்ளிப் பேருந்து ஓட்டும் எங்கள் அடுத்த வீட்டுக்காரருக்கு இது அன்றாட வேலை. "காலியாத்தான் இருக்கு, எனக்கே தெரியும். கால் கேக்க மாட்டேங்குதே!" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. சாப்பிட உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து, வாசல் வழியே வண்டியை எட்டிப் பார்ப்பார். "வண்டியக் கொண்டாந்து கட்டிலுக்குப் பக்கத்துலயே நிறுத்திக்குங்க, நானாவது நிம்மதியா தூங்குவேன்" என்பார் அவர் மனைவி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை. கூட வரும் ஆயா அன்று விடுப்பு. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டியை வெயிலில் நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அரை மணி நேரம் கழித்து, பாதி வழியில்தான் உறைத்தது: எப்போதும் கடைசியாக இறங்கும் ஐந்து வயதுக்காரியின் "டாட்டா மாமா" இன்று காதில் விழவேயில்லை. திரும்ப ஓடினார். பின் இருக்கையில், வியர்வையில் ஊறி, உதடு காய்ந்து கிடந்தாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டாள்.

அவர் போகும் தேவாலயச் சபையில் எல்லோரும், "புள்ள பொழச்சிருச்சுல்ல, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார்கள். இவர் என்னிடம் மட்டும் கேட்டார்: "தப்பு பண்ணவன் நான். நன்றி சொன்னா, 'அப்பாடா, தப்பிச்சேன்'னு சொன்ன மாதிரி ஆயிடாதா?" அவருடைய ஜெபமெல்லாம் 'மன்னிச்சிரும் ஆண்டவரே' என்ற ஒரே வரியாகச் சுருங்கிப்போனது.

பள்ளி அவரை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது. அந்தச் சமயத்தில், அந்தக் குழந்தையின் அம்மா, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், வீடு தேடி வந்தாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உங்க மேல கோவம் இல்லாம இல்ல. அது இருக்கு. ஆனா நீங்க திரும்பி ஓடி வந்தீங்க. அதுக்கு நான் தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்றேன். நான் மட்டும் தனியாவே சொல்லிக்கிட்டு இருக்கணுமா?"

அவர் அந்தச் சுவரிலேயே நெற்றியை வைத்து அழுதார். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அவளே பள்ளிக்கு எழுதிக் கொடுத்து, மகளையும் அவர் வண்டியிலேயே அனுப்பினாள்.

அதிலிருந்து, ஒவ்வொரு பிள்ளை இறங்கும்போதும் முணுமுணுப்பார்: "ஸ்தோத்திரம்." 'போய் வா' என்பதற்கு அவருடைய சொல் அதுதான் போலும் என்று நினைத்து, பிள்ளைகளும் "ஸ்தோத்திரம் மாமா!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். மனம் அடங்கிவிட்டதா என்று கேட்டேன். "எங்க அடங்குது? ஆனா அதச் சொல்றப்ப மட்டும் ஒரு மூச்சு முழுசா விட முடியுது. அப்பறம் அடுத்த புள்ள வந்துரும்."

போன வாரம் என் மகனை அழைத்துவர நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அந்த அம்மாவும் பக்கத்தில் நின்றாள். மகன் இறங்கிவிட்டான், அவள் மகள் வரவில்லை. சன்னல் வழியே பார்த்தால், வாய் பிளந்து தூக்கம். ஆயா எழுப்பப் போனாள். இவர் அவளை விலக்கிவிட்டு வந்து, இருக்கையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுப்பவில்லை. ஏறி இறங்கும் அந்தச் சின்ன மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. பின்னால் நின்ற கார்கள் ஹார்ன் அடித்துக் கூச்சலிட்டன.

அவர் திரும்பிப் பார்க்காமலே, பொறுங்கள் என்பதுபோல் ஒரு கையை உயர்த்தினார்.