அர்ஜுனனின் ஊஃபர் வண்டி

அர்ஜுனனுக்குப் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, ஜார்ஜ்டவுனில் அடுக்குமாடி வீடு. தொண்ணூறுகளின் நடுவில் அவன் மிச்சம் பிடித்ததெல்லாம் தன் புரோட்டான் சாகா காரின் பூட்டுக்குள், அதாவது பின்பக்கச் சாமான் பெட்டிக்குள்தான் போயிற்று. அங்கே அடித்தொனியை இடிபோல எழுப்பும் நான்கு ஊஃபர் ஸ்பீக்கர்கள், அவற்றை முழங்கவைக்க இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். வேறு எதற்கும் இடமில்லாததால், சாமான் வாங்கப் போனால் மனைவி நவமணி அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அதிர்வில் ஒருநாள் நம்பர் பிளேட் கழன்று விழுந்தது. அதைத் தன் கைவேலைக்குக் கிடைத்த சான்றிதழாக அவன் கருதினான்.

கீழ்வீட்டு விஸ்வலிங்கம் அப்படிக் கருதவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் கூட்டத்தில் அந்தக் காரைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். அர்ஜுனனுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அவர் மகள் புஷ்பராணிக்குப் பட்டர்வொர்த்தில் கல்யாணம். பெண்ணை ஏற்றிப்போக வைத்திருந்த பெரிய கார் அன்று காலை கிளம்ப மறுத்துவிட்டது. கீழே பளபளவென்று நின்றது அர்ஜுனனின் சாகா மட்டும்தான். விஸ்வலிங்கம் படியேறி வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உதவி கேட்டார்.

பெண்ணின் பெட்டிக்கும் தாம்பாளங்களுக்கும் இடம் வேண்டும். அர்ஜுனன் மனமில்லாமல் இரண்டு ஊஃபர்களைக் கழற்றினான். மீதி இரண்டையும் ஓரமாக நகர்த்தி, அவசர அவசரமாக வயர்களை மறுபடி பூட்டினான்.

அக்கரைக்குப் போகும் ஃபெர்ரியில் காரோடு ஏறியதும் பாட்டைப் போட்டான். நாதஸ்வரம் கேட்டது, பாடகியின் குரல் கேட்டது, அடியில் வரவேண்டிய இடி மட்டும் வரவில்லை. ஒலியைக் கூட்டினான். குரல் இன்னும் தெளிவானது.

முன் இருக்கையில் விஸ்வலிங்கம் கண்களை மூடித் தலையாட்டினார். “தம்பி, இவ்வளவு நாளும் உம்மைப் பிழையா நினைச்சிட்டன். இதெல்லோ பாட்டு.”

மண்டபத்தில் எல்லாரிடமும் அதையே சொன்னார். அவமானத்தில் அர்ஜுனனுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே வந்து காரின் பூட்டைத் திறந்து பார்த்தான். ஒரு ஊஃபரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தது. இரண்டும் சேர்ந்து இடியைத் தின்றுவிட்டன. ஸ்க்ரூடிரைவரை எடுத்தவனை நவமணி தடுத்தாள்.

“அப்படியே விடுங்க லா. இன்னிக்குத்தான் உங்கள ஒரு மனுஷனா மதிக்கிறாங்க.”

மறுவாரம் விஸ்வலிங்கம் தம் பழைய டட்சன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதே மாதிரி பூட்டித் தரச் சொன்னார். ஆனால் நான்கு ஊஃபர்கள் வேண்டுமாம்.

“ரெண்டே போதும் அங்கிள்,” என்றான் அர்ஜுனன்.

“ரெண்டிலயே இவ்வளவு தெளிவெண்டா, நாலிலை எப்பிடி இருக்கும்?”

அர்ஜுனன் இரண்டின் வயர்களை நேராகவும் இரண்டின் வயர்களைத் தலைகீழாகவும் கவனமாக இணைத்துக் கொடுத்தான். கோயில் வாசலில் விஸ்வலிங்கம் நண்பர்களுக்கு டட்சனின் பூட்டைத் திறந்து காட்டி, உயர்ந்த சாமான் சத்தமே போடாது என்று விளக்கினார்.

அதற்குள் அர்ஜுனன் தன் காரைச் சரிசெய்து, கழற்றியவற்றையும் திரும்பப் பூட்டியிருந்தான். கட்டடம் மறுபடி அதிர்ந்தது. விஸ்வலிங்கம் இம்முறை கூட்டம் கூட்டவில்லை. பரிவோடு மேலே வந்தார்.

“தம்பி, உம்மட வயரிங் பழுதாப் போச்சுது போல. ஒருக்கா வந்து என்ர காரைப் பாத்து, அதே மாதிரித் திருத்தும்.”