விளக்கு இறக்கிய கிணறு

1. குடிக்கலாம்

காஞ்சிபுரத்தில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் எங்கள் இலாகாவுக்குத் தெரிந்த ஒரே எதிரி காலரா. கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர் போடுவோம், தண்ணீர் பிடித்து மெட்ராஸ் லேபுக்கு அனுப்புவோம். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், பட்டு நூலுக்குச் சாயம் போடும் எத்திராஜ் ஆபீஸுக்கு வந்து, தன் கிணற்றில் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்றார். சாயம் போட்ட நூலிலும் அதே நாற்றம். நெசவாளர்கள் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். பங்க் முதலாளியோ, டாங்க் பூமிக்கடியில் பத்திரமாக இருக்கிறது என்று சாதித்தார்.

சாம்பிள் எடுக்க ஒரு முறை உண்டு. பாட்டிலில் கல் கட்டி, மேல்தண்ணீர் சேராமல் ஆழத்தில் பிடிக்க வேண்டும். அப்படியே பிடித்தேன். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் விதிமுறைக்குத் தெரியாது. லேபில் கிருமியைத் தேடினார்கள். கிருமி இல்லை, குடிக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது.

கொண்டுபோய்க் காட்டினேன். எத்திராஜ் ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார்.

"குடிக்கலாம்னு போட்டிருக்குதே, நீங்க ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க சார்."

மூக்கருகே கொண்டுபோனதுமே பெட்ரோல் நெடி ஏறியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

2. தூர் வாரிய நாள்

நாற்றம் உண்மைதான் என்று ஹெல்த் ஆபீசரிடம் சொன்னேன். பெருச்சாளி செத்துக் கிடக்கும், தூர் வாரிப் பவுடர் போடு என்று முடித்துவிட்டார்.

தூர் வார வந்தவர் கன்னியப்பன். ஊரில் பாதிக் கிணறுகளுக்குள் இறங்கியவர். இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவது அவர்கள் வழக்கம். விஷக்காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆளும் இறங்க மாட்டார். எத்தனையோ உயிரைக் காத்த வழக்கம் அது. பெட்ரோல் நாற்றம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் விளக்கு விடுவது ஆளைக் காக்கத்தானே, தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"வெளக்கு நின்னு எரிஞ்சா நானும் இருப்பேன்பா," என்று எத்திராஜிடம் சொல்லிக்கொண்டே, கன்னியப்பன் விளிம்பில் குனிந்து கயிற்றை விட்டார்.

விளக்கு பாதி ஆழம் போவதற்குள் கிணறே தீயாக மேலே எழும்பியது. கன்னியப்பனுக்கு முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயின.

3. மழைக்குப் பிறகு

அதன் பிறகுதான் பங்க்கைத் தோண்டினார்கள். டாங்க்கின் அடியைத் துரு அரித்து, விரல் நுழையும் ஓட்டை. புது டாங்க் புதைத்தார்கள். மாதாமாதம் அந்தக் கிணற்றைச் சோதிக்க எனக்கு உத்தரவு வந்தது. இந்தத் தடவை மேல்தண்ணீரை மொண்டு பார்க்கச் சொன்னார்கள்.

மறு கோடையில் நாற்றம் இல்லை. எத்திராஜ் சந்தோஷமாக அடுப்பு மூட்டி நூல் நனைத்தார். ஐப்பசி மழையில் கிணற்றில் தண்ணீர் ஏறியது. நாற்றமும் கூடவே வந்தது. கசிந்ததெல்லாம் மண்ணில் ஊறிக் கிடக்கிறது, தண்ணீர் ஏறும்போதெல்லாம் வெளியே வரும் என்றார் மெட்ராஸிலிருந்து வந்த ஜியாலஜிஸ்ட். இன்னும் எத்தனை வருஷத்துக்கு என்று எத்திராஜ் கேட்டார். ஜியாலஜிஸ்ட் நோட்டை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

எத்திராஜ் கிணற்றைக் கல்பலகையால் மூடிவிட்டு, செவிலிமேட்டில் இன்னொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போனார். உத்தரவு மட்டும் ரத்தாகவில்லை. பலகையை நகர்த்தி, மொண்டு, முகர்ந்து, 'நாற்றம் உண்டு' என்று மாதாமாதம் எழுதினேன். எனக்கு அந்த வேலையே வெறுத்துப்போயிற்று.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு சோதனை எந்த ஆபத்துக்காக ஏற்பட்டதோ, அதைத்தான் சொல்லும். வேறொன்று வந்து நின்றால் அதற்குக் கண் தெரியாது. ரிப்போர்ட்டும் மூக்கும் வேறு வேறாகச் சொன்னால் மூக்கை நம்புங்கள்.

கன்னியப்பனுக்கு விரல்கள் மடங்காமலே போய்விட்டன. கயிறு பிடிக்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் என்னை எப்போது பார்த்தாலும், நான் ரிடயர் ஆகும்வரை, ஒன்றையேதான் கேட்டார்.

"வெளக்கு அணையவே இல்லியே சார்?"