ஒரு ரிங் விட்டால் நலம்

பாஞ்சாலிக்கு வீண்செலவு என்றாலே ஆகாது. மாகறலில் பிறந்து, பதினெட்டு வயதில் மானாம்பதிக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் சடையப்பனுக்கு ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர் நிலம், இரண்டு வேட்டி, ஒரு துண்டு. கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை எட்டு வருஷம் போட்டவர். ஊரில் சிலர் அவரைக் கஞ்சன் என்றார்கள். இருப்பதே போதும் என்று நினைக்கிற மனுஷனுக்கு அந்தப் பேச்சு உறைக்கவில்லை.

சீக்கிரமே பாஞ்சாலி அவரை மிஞ்சிவிட்டாள். வீட்டில் ஒரே பல்பு, அதுவும் சாப்பிடுகிற நேரத்துக்கு மட்டும். சோப்புக் கட்டியை நூல் கொண்டு இரண்டாக அறுத்து ஒரு பாதியைப் பானைக்குள் ஒளித்துவைப்பாள். தெருவில் எல்லாரும் தவணைக்கு டி.வி., மிக்சி என்று வாங்கியபோதும் அவள் அம்மியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்படி இறுக்கிப் பிடித்ததால்தான் ஒரே மகன் அரவிந்தனை டிப்ளமோ வரைக்கும் படிக்கவைக்க முடிந்தது. தன் வாழ்க்கையில் தப்பில்லாமல் செய்த காரியம் என்று அவள் எதையாவது நினைத்திருந்தால், அது இந்த ஒன்றுதான்.

அரவிந்தனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. நாலு பேரோடு ஒரு ரூமில் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பஸ் மாறி ஊருக்கு வருவான். பாஞ்சாலி கருவாட்டுக் குழம்பு வைப்பாள். அவன் கம்பெனிக் கதை சொல்ல, சடையப்பன் புரிந்தும் புரியாமலும் தலையாட்டிக்கொண்டு கேட்பார்.

2007 பொங்கலுக்கு வந்தவன் ஒரு பழைய செல்போனைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தான். காசு போகுமே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவன் சிரித்தான்.

"எடுத்தாதாம்மா பேஜாரு. தெனம் சாய்ங்காலம் நான் ஒரு ரிங் வுட்டு கட் பண்ணுவேன். நல்லா கீறேன்னு நெனச்சிக்கோ. நீயும் அதே மாதிரி ஒரு ரிங் வுடு, நீங்க நல்லா கீறீங்கன்னு நான் தெரிஞ்சிக்கிறேன். எதுனா அவசரம்னா மட்டும் கட் பண்ணாம வுடு."

பாஞ்சாலிக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போனது. சல்லிக்காசு செலவில்லாமல் பிள்ளையின் க்ஷேமம் தெரிகிறது. பச்சைப் பட்டனை அமுக்குவது, காதில் ஒரு மணி கேட்டதும் சிவப்பை அமுக்குவது என்று ஒரு வாரம் பழகினாள். அப்புறம் அந்த விரல் தானாகவே போனது. சாயங்காலம் போன் ஒரு தரம் கூவி அடங்கும். "வந்துட்டான்டி உன் புள்ள" என்பார் சடையப்பன். அவள் பதிலுக்கு ஒன்று விடுவாள். அன்றைய பொழுது அதோடு முடிந்தது.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று அவன் வரவில்லை. பிறகு மாதத்துக்கு ஒரு தரம் வந்தான். தீபாவளிக்கு வந்தவன் அடுத்து பொங்கலுக்குத்தான் வந்தான். அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதுதான் தினம் ரிங் வருகிறதே.

மறுவருஷம் பங்குனியில் ஒரு மத்தியானம். வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன சடையப்பன் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பினார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிசைகிறது, வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சொல்லிப் பாயில் சாய்ந்தார். பாஞ்சாலி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தது அப்படியே வெளியே வந்தது. ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "பையனுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லு" என்றார்.

அவள் போனை எடுத்துப் பச்சையை அமுக்கினாள். ஒரு மணி அடித்தது. விரல் சிவப்புக்குப் போய்விட்டது.

தப்பு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. திரும்பவும் அமுக்கினாள். மணி கேட்ட அந்தக் கணத்தில் ஏதேதோ ஓடியது மனசில். மிஷினில் நிற்கிற பிள்ளை அரைகுறையாகப் போட்டுவிட்டு ஓடிவருவான், ஒருநாள் கூலி போகும், வந்து பார்த்தால் வெறும் வாயுவாக இருக்கும். விரல் மறுபடி போனது. மூன்றாம் தரம் அடித்ததும் அப்படித்தான் ஆனது. மூன்று தரம் அடித்திருக்கிறோம், அதிலேயே புரிந்துகொள்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்தாள்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அரவிந்தன் நாலு மணிக்கு டீ குடிக்க வந்து போனைப் பார்த்தான். அம்மாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால். அம்மாவுக்கு நேரம் காலம் தெரியாமல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தான். தானும் ஒரு ரிங் விட்டுவிட்டு உள்ளே போனான்.

அந்த ரிங் மானாம்பதியில் கேட்டது. பாஞ்சாலிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "பாத்துட்டான், வந்துகினு கீறான்" என்று புருஷனின் காதருகில் குனிந்து சொன்னாள். அவர் கண்ணைத் திறந்து, சரி என்பதுபோல் மூடினார். பிள்ளை வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான் என்று அவள் விசிறிக்கொண்டே வாசலைப் பார்த்தபடி இருந்தாள். ஐந்து மணி பஸ் வந்து போனது. ஐந்தரைக்குச் சடையப்பன் கூப்பிட்ட குரலுக்கு அசையவில்லை. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலர்க்கொடி ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், வழியிலேயே, பாஞ்சாலி மடியில் அவர் தலை சாய்ந்துவிட்டது.

வேலை முடிந்து வெளியே வந்தபோது மலர்க்கொடியின் புருஷன் போன் செய்துதான் அரவிந்தனுக்குத் தெரிந்தது. வந்தவன் அழுது ஓய்ந்த பிறகு, "ஏம்மா, கட் பண்ணாம வுட்றதுக்கு இன்னா?" என்று கேட்டான்.

பாஞ்சாலி அவனையே பார்த்தாள்.

"மூணு தபா வுட்டேன்டா. நீயும்தான் ஒன்னு வுட்ட. நீ வந்துகினு கீறன்னு நெனச்சிதான்டா நான் குந்திகினு இருந்தேன்."

சுவரோரமாகப் போய் உட்கார்ந்தவன் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே கிடையாது.

காரியமெல்லாம் முடிந்து மகன் வேலைக்குத் திரும்பிய பின், ஒருநாள் பாஞ்சாலி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே இனாயத்துல்லா பாய் பெட்டிக்கடையில் ரீசார்ஜ் கார்டு விற்பார். சடையப்பனுக்கு அறிமுகமானவர். ரிங் மட்டும் முழுசாகப் போனால் எவ்வளவு காசு பிடிப்பார்கள் என்று அவரிடம் கேட்டாள்.

பாய்க்கு விஷயம் தெரியும். கொஞ்ச நேரம் கார்டுகளை அடுக்குவதுபோல் இருந்தார்.

"அந்தாண்ட எடுத்தாதாம்மா காசு. எடுக்காதவரைக்கும் எவ்ளோ நேரம் அடிச்சாலும் ஒன்னும் போவாது" என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "நீ முழுசா வுட்ருந்தாலும் பெட்டில கீற போன்ல மிஸ்டு கால்னுதாம்மா வந்திருக்கும். மனச போட்டு ஒழப்பிக்காத" என்று சேர்த்துச் சொன்னார்.

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். இருந்த ஒரு பிடியும் அதோடு போயிற்று. விரலின் தப்பு என்றாலாவது விரலைத் திட்டிக்கொண்டிருக்கலாம். ஆட்டோ பிடித்திருக்கலாம், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடு தூரத்தில் பத்து வீடு இருக்க, கையிலிருந்த அந்தப் பொருளையே நம்பி உட்கார்ந்திருந்ததை நினைத்தபடி ஊர் வந்து சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் அரவிந்தனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் பூஜா நல்ல பெண். இருவரும் வற்புறுத்திப் பாஞ்சாலியை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துக்கொண்டார்கள். ஒரே அறை வீடு. ராத்திரி சாப்பாடு ஆனதும் அவன் ஒரு மூலையில் போனோடு, பூஜா ஒரு மூலையில் போனோடு உட்காருவார்கள். மாடியில், எதிர்வீட்டில், தெருவில் என்று எங்கே மணி அடித்தாலும் பாஞ்சாலி எழுந்து நின்றுவிடுவாள். அது நம்முடையது இல்லை என்று பூஜா ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. பாஞ்சாலி இரண்டு மாதம் பார்த்தாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மானாம்பதிக்கே வந்துவிட்டாள்.

இப்போது அரவிந்தன் தினமும் பேசுகிறான். எவ்வளவு வேண்டுமானாலும் பேசக் காசு போட்டு வைத்திருக்கிறான். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பாள். உடம்பு எப்படி இருக்கிறது என்பான், நல்லா கீது என்பாள். பிறகு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். அவன் மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்கும். அவனாக வைக்கட்டும் என்று அவள் காதிலேயே பிடித்துக்கொண்டிருப்பாள். அம்மாதான் முதலில் வைக்க வேண்டும் என்று அவன் காத்திருப்பான்.