ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய மடிக்கணினிகள்

உங்கள் மடிக்கணினி செத்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது? அதுவே சொன்னதா, இல்லை, புதிது விற்கிறவர் சொன்னாரா? கைரேகை பார்க்கிறவன் வந்து, "வரும் அக்டோபரோடு உன் ஆயுள் முடிகிறது" என்றால் சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். அதையே கடலுக்கு அப்பாலிருக்கும் ஒரு நிறுவனம், நம் மேசையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பணப்பையை எடுக்கிறோம்.

மலேசியாவின் கோத்தா திங்கி ஊரில் அந்தச் சாவுச் செய்தியை வாசித்துக் காட்டும் வேலை ஜீவனுடையது.

ஜீவனுக்கு நாற்பத்தெட்டு வயது. தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவரின் மகன். ஜொகூர் பாருவில் ஆறு மாதம் ஒரு வகுப்புக்குப் போனார். மற்றதெல்லாம் கெட்டுப்போன இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றது. ஆற்றை ஒட்டிய கடைவரிசையில் கணினி பழுதுபார்க்கும் கடை. ஊரை வெள்ளம் மூழ்கடித்த வருடம், சேற்றில் ஊறிய கணினிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, மனைவி சாந்தினியின் ஹேர் டிரையரால் காயவைத்து, பாதிக்கு மேல் பிழைக்க வைத்தார். அன்றிலிருந்து ஊர் அவரை "பாஸ்" என்றுதான் கூப்பிடும்.

அந்தப் பெயரைக் காத்து வந்தது ஒரு வெள்ளைப் பேனா. எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதன் மேல் ‘ஜீ’ என்று எழுதித் தேதி போடுவார். ஆறு மாதத்துக்குள் அது கெட்டால் பேச்சே இல்லை, வேறு மாற்றிக் கொடுப்பார். இருபது வருடத்துப் பழக்கம். மூச்சு விடுவதுபோல, அவருக்கே தெரியாமல் கை அதைச் செய்துவிடும்.

2025 அக்டோபரில் விண்டோஸ் பத்துக்கு நிறுவனத்தின் ஆதரவு நின்றது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. கொஞ்சம் வயதான இயந்திரங்களில் அடுத்த விண்டோஸ் ஏறாது. ஜீவன் ஒரு கட்டு ஆரஞ்சு ஸ்டிக்கர் அச்சடித்தார்: மேலே கடையின் பெயர், நடுவில் தொலைபேசி எண், கீழே "துக்கார்" என்று மலாயில் ஒரே ஒரு சொல். மாற்று என்று அர்த்தம். ஆதரவு நின்ற இயந்திரம் யார் கொண்டுவந்தாலும் மூடியில் ஒன்றை ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. நம்பித்தான் செய்தார். கேள்வி கேட்காத நம்பிக்கை ஏமாற்றைவிட அதிகம் கெடுக்கும் என்பது வேறு கதை.

நவம்பரில் எதிர்வரிசையிலிருந்த ஜஹாங்கீர் பாயின் சாப்பாட்டுக் கடையில் அவருடைய மகள் ஷாஸியா ஒரு மேசை போட்டாள். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண், இருபத்தேழு வயது. சனிக்கிழமை காலையில், மூலையில், மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள். பழைய மடிக்கணினி கொண்டுவந்தால், விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பாள். இலவசம். நுரைக்க இழுத்து ஆற்றும் தே தாரிக் டீ மட்டும் அவரவர் செலவு.

முதல் சனிக்கிழமை இரண்டு பேர். நாலாவது சனிக்கிழமை மூன்று மேசை நிறைந்துவிட்டது. ஜீவன் தன் கடையின் கண்ணாடிக் கதவைத் துடைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார். திறந்திருந்த மூடிகளின் முதுகெல்லாம் தெருவைப் பார்த்து நின்றன. ஒவ்வொரு முதுகிலும் ஆரஞ்சு. துக்கார், துக்கார், துக்கார். அவர் சாகடித்தவை எல்லாம் அங்கே எழுந்து உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன, அவருடைய தொலைபேசி எண்ணோடு.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாய் கடையில் காலைப் பசியாறுவதை நிறுத்திவிட்டு, நாலு கடை தள்ளிப் போய் வறட்டு ரொட்டியைத் தின்றார். கண்ணாடிக் கதவை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தார்.

சாந்தினி சும்மா விடுகிற ஆள் இல்லை. "கண்ணாடி தேய்ஞ்சு ஓட்ட விழப் போகுது. வயிறு அவ்ளோ எரிஞ்சா சொல்லுங்க, தீயணைப்புக்குப் போன் போடுறேன்."

"எனக்கென்ன எரிச்சல்? சின்னப் பொண்ணு விளையாடுது. எத்தன நாளைக்குன்னு பாப்போம்."

"சின்னப் பொண்ணா? ஊரே இப்ப அவள டீச்சர்னுதான் கூப்பிடுது."

அதுதான் குத்தியது. ‘பாஸ்’ பழைய பெயராகிக்கொண்டிருந்தது. இன்னொன்றை அவர் சாந்தினியிடம்கூடச் சொல்லவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பு அவர் கையிலும் ஒரு லினக்ஸ் குறுந்தட்டு கிடைத்தது. போட்டுப் பார்த்தார். வைஃபை வரவில்லை. ஒரே மத்தியானத்தில் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டார். இன்னும் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் அந்த மூலை மேசை அவருடையது. மற்றவர் பொருளைப் பார்த்து வரும் பொறாமை ஆறிப்போகும். நாமே வேண்டாமென்று எறிந்ததை இன்னொருத்தர் எடுத்து வைத்திருப்பதைப் பார்த்து வருவது ஆறாது.

பேச்சைக் கிளப்பிவிட்டார். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற காளியப்பன்தான் ஊரின் வானொலி. அவர் காதில் போட்டால் போதும். "லினக்ஸுங்கறது ஹேக்கருங்க வச்சிருக்கறதுண்ணே. உங்க பேங்க் பாஸ்வேர்டெல்லாம் போயிடும், பாத்துக்குங்க." பொய் என்று தெரிந்தே சொன்னார்.

காளியப்பன் நேரே ஷாஸியாவின் மேசைக்குப் போய் நின்றார். "ஏம்மா, ஓசில கொடுக்கறியே, உனக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல தாத்தா. இத எழுதினவங்களே ஓசிலதான் கொடுக்கறாங்க."

"அலமாக்! எழுதினவன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்?"

"கம்பெனிங்க சம்பளம் கொடுத்தும் எழுதறாங்க. சும்மா ஆசைக்கும் எழுதறாங்க. நீங்க கோயில்ல சமைச்சுப் போடறீங்களே, காசுக்கா?"

"அது புண்ணியத்துக்கு."

"இது புண்ணியம்கூட இல்ல தாத்தா. நல்லா வேல செய்யணும்னு மட்டும்தான்."

எல்லாருக்கும் அவள் போட்டுக் கொடுக்கவும் இல்லை. கணக்கு மென்பொருள் வைத்திருந்த ஒரு ஹார்ட்வேர் கடைக்காரரிடம், "இது லினக்ஸ்ல ஓடாது, நீங்க விண்டோஸ்லயே இருங்க, ஜீவன் அங்கிள்கிட்ட போங்க" என்று அனுப்பி வைத்தாள். வந்தவரைப் பார்த்து ஜீவனுக்கு மகிழ்ச்சி வரவேண்டும். வரவில்லை. அவள் கை காட்டி அனுப்பிய ஆள்! பிச்சை போட்டதுபோல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லோஷினி வந்தாள். தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியை. ஐந்து வயதுக் குழந்தைகளுக்காக அவள் வரைந்து வைத்த பாடங்கள் முழுக்க அந்த மடிக்கணினியில் இருந்தன. மூடியில் ஆரஞ்சு.

"அங்கிள், கீபோர்டுல அஞ்சாறு எழுத்து விழ மாட்டேங்குது. மாத்திக் கொடுங்க. நாளைக்குக் காலையில வேணும்."

"புதுசு வாங்கச் சொன்னேனேம்மா?"

"எதுக்கு அங்கிள்? நாளைக்கு ஷாஸியா லினக்ஸ் போட்டுத் தர்றாங்க. அவங்கதான் சொன்னாங்க, கீபோர்டுன்னா ஜீவன் அங்கிள்கிட்டயே போங்க, அவர மாதிரி சுத்தமா யாரும் மாத்த மாட்டாங்கன்னு."

ஷாஸியா திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். லோஷினி போனதும் விசைப்பலகையை மாற்றினார், சுத்தமாகவே. பிறகு, பெட்டி திறந்துதானே இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. உள்ளே விரல் நீளத்தில் பச்சைத் தகடு ஒன்று இருந்தது. ரேம், இயந்திரத்தின் நினைவு. அது பழுதானால் எந்த மென்பொருளும் பாதியில் உறைந்து நிற்கும். நல்ல தகட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தார். கெட்ட பாகங்கள் கிடக்கும் பிஸ்கட் தகரத்திலிருந்து ஒன்றை எடுத்துச் செருகினார். நாளை எல்லார் முன்னாலும் அது டீச்சர் மேசையில் உறையட்டும். லோஷினி அழுதுகொண்டு இங்கே வருவாள். நல்லதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தால், கணினி என்றால் ஜீவன்தான் என்று ஊர் மறுபடி சொல்லும். அவ்வளவுதான் அவர் வேண்டியது. அதற்குப் பிள்ளைகளின் ஆசிரியை ஒருத்தியைப் பலி கொடுக்கிறோம் என்ற நினைப்பு அந்த நிமிடம் அவரிடம் இல்லை. பொறாமைக்குக் கண் ஒன்றுதான். அது எதிரியை மட்டும்தான் பார்க்கும்.

சனிக்கிழமை காலை வெகு நாளைக்குப் பிறகு ஜீவன் பாய் கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

"வாங்க பாஸ், ஆளையே காணோம்! ரொட்டி சானாயா?" என்றார் ஜஹாங்கீர் பாய்.

"ரெண்டு கொடுங்க பாய். இன்னிக்கு நல்ல பசி."

மூலையில் ஷாஸியா லோஷினியின் மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகினாள். லினக்ஸின் பச்சை இலை போட்ட திரை வந்தது. லோஷினி கைதட்டினாள். இரண்டு நிமிடத்தில் திரை உறைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி உறைந்தது. மூன்றாவது தடவை பாதித் திரை கோடு கோடாகக் கிழிந்தது. ஜீவன் ரொட்டியைக் குழம்பில் நன்றாக முக்கி எடுத்தார். அன்றைக்குத்தான் அந்தக் கடைக் குழம்பு எவ்வளவு ருசி என்று தெரிந்தது.

ஷாஸியா பதறவில்லை. அதே பென்டிரைவிலிருந்து நினைவைச் சோதிக்கும் நிரலை ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு வரிகள் இறங்கின. ஒரு சிறிய திருப்புளியை எடுத்து அடிமூடியைக் கழற்றினாள். பச்சைத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

பிடித்தவள் அப்படியே நின்றாள். பிறகு தலையைத் தூக்கி நேரே ஜீவனைப் பார்த்தாள்.

நாலு மேசைக்கு அப்பாலிருந்தே அவருக்குத் தெரிந்தது. பச்சையில் வெள்ளை எழுத்து. ‘ஜீ’. பக்கத்தில் இருப்பது நேற்றைய தேதியாகத்தான் இருக்கும். கை தன் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது! இருபது வருடம் நேர்மையாக இருந்த கை, திருட்டு வேலையிலும் நேர்மையாகவே நடந்துகொண்டது.

"ரேம் போச்சு," என்றாள் ஷாஸியா, வேறெதுவும் சொல்லாமல். தகட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

காளியப்பன் எழுந்துவிட்டார். "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! நேத்து வரைக்கும் ஓடின பெட்டி. லினக்ஸ் போட்ட உடனே வெந்துபோச்சு. ஓசின்னா இப்படித்தான்லா!"

லோஷினியின் முகம் சுண்டியது. "என் பாடமெல்லாம் போச்சா?" இன்னும் இரண்டு பேர் மெதுவாகத் தங்கள் மடிக்கணினியை மூடிப் பையில் போட்டார்கள். ஜஹாங்கீர் பாய் கல்லாவிலிருந்து மகளைப் பார்த்தார். ஷாஸியா கையைத் திறக்கவில்லை. "பாடம் எதுவும் போகலக்கா, அதெல்லாம் வட்டுல பத்திரமா இருக்கு. வேற ரேம் போட்டாப் போதும்," என்று மட்டும் சொல்லிப் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு நின்றாள்.

ஜீவன் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் இன்னொரு ரொட்டி தின்றால் போதும், ஊர் மறுபடி அவருடையது. ஆனால் மூடிய அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நேற்றைவிட அதிகம் பற்றி எரிந்தது. நம்மைக் காட்டிக்கொடுக்காத பெருந்தன்மையும் இவளுக்கா? அதையும் இவளுக்கே விட்டுக் கொடுப்பதா? நல்ல மனசு வந்து எழுந்தார் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. பொறாமைதான் அவரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது.

"லினக்ஸ் இல்லண்ணே," என்றார். "அந்த ரேம நான்தான் போட்டேன். கெட்டதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். அதுல என் கையெழுத்தே இருக்கு. காட்டும்மா."

ஷாஸியா கையைத் திறந்தாள். காளியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஏன் அங்கிள்?" என்றாள் லோஷினி. "நாலு வருஷமா உங்கள நம்பித்தானே கொடுக்கறேன்?"

ஜீவன் தெருவைத் தாண்டிப் போய், இழுப்பறையிலிருந்த அவளுடைய தகட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஷாஸியா அதைச் செருகினாள். பச்சை இலை வந்தது. இந்த முறை நின்றது. லோஷினி அவரைப் பார்க்கவே இல்லை.

"அங்கிள்," ஷாஸியா குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வாரம் மூடி உடைஞ்சது மூணு வருது. எனக்கு அது வராது. இங்க வந்து உக்காருங்களேன்."

"உன் மேசையிலயா? வேணாம்." இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "அந்தப் பென்டிரைவ மட்டும் கொடு. திங்கக்கிழம தர்றேன்."

வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப் போன ஆரஞ்சு ஸ்டிக்கர் மடிக்கணினிகள் பதினொன்று அவர் கடையின் பின்னால் அடுக்கிக் கிடந்தன. எல்லாம் அவர் தீர்ப்பு எழுதியவை. மேலே இருந்ததை எடுத்துப் பென்டிரைவைச் செருகினார். ஓடியது. வைஃபைகூட வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்பு தூக்கிப் போட்ட அந்த மத்தியானம் கண்முன் வந்து நின்றது. நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். தாள் வந்தது, பசை வரவில்லை.

இப்போது ஜீவனின் கடையிலும் லினக்ஸ் போட்டுத் தருகிறார்கள். ஸ்டிக்கர் கட்டு குப்பைக்குப் போய்விட்டது. லோஷினி இன்றுவரை திரும்பி வரவில்லை. அவள் கோபம் நியாயமானது. சனிக்கிழமை காலையில் ஜீவன் இன்னும் கண்ணாடிக் கதவைத் துடைக்கிறார், அந்த மூலையில் எத்தனை பேர் என்று எண்ணுகிறார், அவருக்கு இன்னும் எரிகிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. எந்த இயந்திரத்தையும் ஓட்டிப் பார்க்காமல் அவர் வாயிலிருந்து "செத்துப்போச்சு" வருவதில்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடக்கும், துணிக்கு அடியில், சார்ஜர் சுற்றி வைத்தபடி. இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். நிறுவனம் சொன்னதை நம்பாதீர்கள், கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள், இங்கே எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, உள்ளே இருக்கும் எதையும் அழிக்காமல், பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். ஆனால், பார்த்துவிட்டுப் போடுங்கள்.