ஒற்றைக்காது

சோபா பழுதுபார்க்கும் கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர். கிழிந்த உறையை உரித்து, துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி, அமுங்கிப்போன ஸ்பிரிங்குகளை நிமிர்த்திக் கட்டி, புதுத் துணியை விறைப்பாக இழுத்து வளைந்த ஊசியால் தைத்து மூடுகிற வேலை. கையில் ஊசி இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டாள். யாராவது வம்புக்கு இழுத்தால் மட்டும் பல்லில் கவ்விய நூலோடு ஒரே ஒரு பதில் சொல்வாள். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். பெயர் வேலையால் வந்ததா வாயால் வந்ததா என்பது கடையில் இன்னும் தீராத விவகாரம்.

கணவன் சரக்குக் கப்பலில் எந்திரம் பார்ப்பவன். வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். வீட்டில் இருப்பது மாமியாரும், மாடி அறையில் கொழுந்தனும். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து படுத்த படுக்கை. எழுந்து உட்கார, கழிவறைக்குப் போய்வர, ஒரு வாய் தண்ணீர் குடிக்க, எல்லாவற்றுக்கும் ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று யாரும் கூடிப் பேசவில்லை. அதுபாட்டுக்கு முடிவாகிவிட்டது. காலையில் பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துக்கொள்ள, ஊசி அரைநாள் மட்டும் கடைக்குப் போனாள். மீதி வேலையை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெற்ற பிள்ளை என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? ஆபீஸ் விட்டு வந்ததும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினான்.

அந்த விளையாட்டு என்னவென்று சொல்லிவிட வேண்டும். விண்வெளியில் எங்கோ ஓர் இடிந்த நிலையம். நடுவில் ஓர் உலை. ஓர் அணிக்கு ஐந்து பேர், எதிரே இன்னொரு ஐந்து பேர். கவசம் மாட்டிக்கொண்டு லேசர் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளி உலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அணிக்கு வெற்றி. உண்மையில் ஊரில் ஆளுக்கு ஒரு மூலையில் தங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேச்செல்லாம் ஹெட்போன் வழியாகத்தான். நான்கு பேர் சுடுவார்கள். ஐந்தாவது ஆள் வைத்தியர். அவர் கையில் இருப்பது ஊசித் துப்பாக்கி. மருந்துப் பொத்தானை அழுத்தித் தன் ஆளைப் பிழைக்க வைக்கலாம், விஷப் பொத்தானை அழுத்தி எதிராளியைச் சாய்க்கலாம். ஆனால் விஷம் ஏற வேண்டுமென்றால் எதிராளியின் முதுகை ஒட்டிப் போய் நிற்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் எதிராளி எவன் விடுவான்? ஆகவே வைத்தியர் என்றால் பின்னால் நின்று தன் ஆட்களுக்கு மருந்து போடுகிற ஆள், அவ்வளவுதான். அந்த வேலைக்கு யாரும் வர மாட்டார்கள். கொழுந்தனுடைய அணிக்கும் ஆள் கிடைக்கவில்லை.

"சும்மா எனக்குப் பின்னாடி நின்னு ஊசி போடுங்க அண்ணி. உங்க பேருக்கும் பொருத்தமா இருக்கு" என்று வந்து நின்றான்.

மாமியாரின் அறைக்கு வெளியே, சோபாத் துணிகளுக்கு நடுவில், அவனுடைய பழைய கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. ஊசிக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. எந்த ஆள் எப்போது அடிபடுவான் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. கொழுந்தன் விளையாட்டில் தனக்குச் சூறாவளி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான்; யாரும் வைக்கவில்லை, அவனேதான். எதிரிக் கூட்டத்துக்குள் தனியாளாகப் பாய்வான். அடி தாங்காமல் போகிறபோது சுட்டுக்கொண்டே பின்னால் நடந்து, பக்கத்தில் இருக்கிற கதவின் இடதுபுறம் ஒதுங்குவான். அங்கே அவள் நிற்பாள். "அண்ணி, ஊசி" என்பான். அந்தக் குரல் ஒரு காதில் ஹெட்போன் வழியாகவும் இன்னொரு காதில் மாடிப்படி வழியாகவும் வரும். ஏனென்றால் அவள் எப்போதும் ஒரு காதைத் திறந்தேதான் வைத்திருப்பாள். மாமியார் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

இப்படி அவன் பிழைத்த பிழைப்புக்குக் கணக்கே இல்லை. ஜெயித்த பிறகு ஊரெல்லாம் சூறாவளி சூறாவளி என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஊசி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டுப் பிள்ளைதானே என்று நினைத்தாள்.

பிறகு ஒரு பெரிய போட்டி அறிவித்தார்கள். பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்குக் கொஞ்சம் முன்னால், சாப்பாட்டு மேசையில், அவள் பரிமாறிக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் சொன்னான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. இது போட்டி. ஒரு காதுல ஹெட்போன் போட்டுக்கிட்டு இன்னொரு காதைத் தொறந்து வச்சிருக்கற ஆளை வச்சிக்கிட்டு எப்படி ஜெயிக்கறது? எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான். அவனைச் சேர்த்துட்டேன்."

"உங்கம்மா கூப்பிட்டா கேக்கணும்னுதானே தம்பி."

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கு ஆயிரம் வேலை. இது உங்களுக்குச் சும்மா பொழுதுபோக்கு. அந்தக் குழம்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

தள்ளினாள். வேறு என்ன செய்வாள்? விலக்கினதுகூடப் போகட்டும். எந்தக் காதைச் சொல்லிக் காட்டினான் பாருங்கள். அவனுடைய அம்மாவுக்காகத் திறந்து வைத்த காது அது. மாடியில் இரண்டு காதையும் மூடிக்கொண்டு அவன் ஆடுவதற்காகக் கீழே ஒருத்தி திறந்து வைத்திருந்த காது. நியாயம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

கப்பலிலிருந்து கணவன் பேசியபோது சொன்னாள். "விளையாட்டுதானே, விடு" என்றான். அந்த வாரம் முழுக்க அவன் கூப்பிட்ட போனை அவள் எடுக்கவில்லை. சோபாவிலிருந்து ஆணி பிடுங்கும்போதெல்லாம் கொழுந்தன் முகம்தான் வந்தது. ஒவ்வோர் ஆணியையும் தேவைக்கு அதிகமாகவே திருகிப் பிடுங்கினாள். கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "மரம் என்னம்மா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தவளை அவளைத் தேடிக் கடைக்கே வந்தார். தவளை ஒரு பஸ் டிரைவர். விளையாட்டில் ஓயாமல் குதித்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். கொழுந்தன் அணியிடம் பலமுறை மண்ணைக் கவ்விய அணிக்குத் தலைவர்.

"அக்கா, உங்களை வெளியேத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தச் சூறாவளியை நாங்க உயிரைக் குடுத்து அடிச்சா, நீங்க ஒரு ஊசியைப் போட்டு எழுப்பி விட்டுடுவீங்க. எங்ககிட்ட வர்றீங்களா?"

"வர்றேன். ஒண்ணே ஒண்ணு. அவன் எதிர்ல வரும்போது அவனை எனக்கு விட்டுடணும்."

"ஏதாவது முன்பகையா அக்கா?"

"வீட்டுப் பகை."

பழைய பெயரில் ஆடினால் கொழுந்தனுக்குத் தெரிந்துவிடும். புதுப் பெயர் என்ன வேண்டும் என்று தவளை கேட்டார். ஊசி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒற்றைக்காது என்று போடச் சொன்னாள்.

ஒவ்வொரு சுற்றாக அவர்கள் ஜெயித்து வந்தார்கள். மாடியில் இரண்டு காதையும் மூடிக்கொண்டவனுக்குக் கீழே நடப்பது எப்படித் தெரியும்? அவன் இறங்கி வருகிற நேரத்தில் கம்ப்யூட்டர்மேல் சோபாத் துணி கிடக்கும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் அவனாகவே பேச்சை எடுத்தான்.

"ஒற்றைக்காதுன்னு ஒரு வைத்தியன் வந்திருக்கான் அண்ணி. என்னமா ஆடறான் தெரியுமா. எங்கேயிருந்து புடிச்சாங்களோ. பேரைப் பாருங்க, ஒற்றைக்காதாம்."

அவன் சிரித்தான். ஊசி கரண்டியைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்தாள். நடிக்கவில்லை. தான் சொன்ன சொல் அவனுக்கு மறந்தே போயிருந்தது. இவள் ராத்திரி பகல் நெஞ்சில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்த சொல், சொன்னவன் வாயோடு போய்விட்டிருந்தது. அப்போதுதான் அவள் கோபம் ஆறாத கோபமாகிப்போனது.

"பாத்து ஆடு தம்பி" என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

தைத்துக்கொண்டே போனில் அவனுடைய ஆட்டங்களை எல்லாம் பார்த்தாள். புது வைத்தியன் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வதில் கெட்டிக்காரன். தூரத்திலேயே பதுங்கிக்கொள்வான். ஆனால் கொழுந்தன் மாறவில்லை. அடிபட்டதும் திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே நடந்து கதவின் இடதுபுறம்தான் ஒதுங்கினான். அங்கே ஒருவரும் இல்லை. ஏதோ அதிர்ஷ்டத்தில் பிழைத்துக்கொண்டு மறுபடி பாய்ந்தான். தனக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி புன்னகை செய்தாள்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிரெதிரே இந்த இரண்டு அணிகளும்தான். ஊசி மாமியாரைக் கழிவறைக்கு அழைத்துப் போய்வந்து, தலையணையைச் சரிசெய்து, தண்ணீரைக் கையெட்டும் இடத்தில் வைத்தாள். மாமியாருக்கு உடைந்தது இடுப்புதான். காது பாம்புச் செவி.

"இன்னிக்கு அவனோடதானே?"

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமா அத்தை."

"நல்லா குடு. ஆட்டம் முடியற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். ரெண்டு காதையும் மூடிக்கிட்டு ஆடு."

"உங்க புள்ளையாச்சே அத்தை."

"அதனாலதான் சொல்றேன்."

ஆனாலும் உட்கார்ந்ததும் கை பழையபடி ஒரு காதில்தான் ஹெட்போனை மாட்டியது. மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் சுற்றில் தவளையின் அணி ஜெயித்தது. இரண்டாவதில் சூறாவளி துவம்சம் செய்துவிட்டான். மூன்றாவதில்தான் எல்லாம். இரண்டு பக்கமும் ஆட்கள் விழுந்தார்கள். புது வைத்தியன் பதுங்கியிருந்த இடத்திலேயே செத்துக் கிடந்தான். கடைசியில் உலை அறைக்குள் கொழுந்தன் தனியாக நின்றான். தவளையும் ஊசியும் வெளியே. உலை அவன் கைக்குப் போக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

"முன்பக்கமா அடிச்சிக்கிட்டே இருங்க. அவன் பின்னால நடப்பான். மீதியை நான் பாத்துக்கறேன்" என்று ஊசி மெதுவாகச் சொன்னாள்.

தவளை குதித்துக் குதித்துச் சுட்டார். ஊசி காற்றுக் குழாய்க்குள் நுழைந்து, சத்தமில்லாமல் நகர்ந்து, பின்கதவின் இடதுபுறம் போய் நின்றாள். எத்தனையோ ஆட்டங்களில் நின்ற அதே இடம், அதே இருட்டு. எதிரே வெளிச்சத்தில் கொழுந்தன் முதுகு தெரிந்தது. அவன் கவசத்தில் ஒரு குண்டு பட்டது. இன்னொன்று பட்டது. அவன் சுட்டுக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு இன்னோர் அடி. திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? எப்போதும் ஆள் இருக்கிற இடம்தானே. வந்துகொண்டே இருந்தான். முதுகு அவள் திரையை முழுக்க அடைத்துக்கொண்டது.

"அண்ணி, ஊசி."

அது ஹெட்போனில் வரவில்லை. அவன் பேச்சு இனி அதில் வராது. மாடிப்படி வழியாக, சாத்திய கதவைத் தாண்டி, திறந்திருந்த காதில் வந்து விழுந்தது. பதறின குரல்.

அவள் விரல் மருந்துப் பொத்தானுக்குப் போனது. பொய் சொல்வானேன், போகத்தான் செய்தது. அடிபட்டவன் கூப்பிட்டால் போய்ப் பழகிய விரல். மறு நொடியே சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. குழம்பை இப்படித் தள்ளுங்க என்று நீட்டிய அந்தக் கை ஞாபகம் வந்தது. விரலை விஷப் பொத்தானுக்கு நகர்த்தி, முதுகிலே ஊசியை இறக்கினாள்.

சூறாவளி அவள் காலடியில் சரிந்தான். திரையில் ஒற்றைக்காது என்ற பெயர் எழுந்து மின்னியது. தவளை உலைமேல் ஏறி நின்று குதித்தார். ஹெட்போனில் அக்கா அக்கா என்று நான்கு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஊசிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நாள் எரிந்த எரிச்சலுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

மாடியில் நாற்காலி நகர்ந்தது. கொழுந்தன் இறங்கி வந்தான். தண்ணீருக்காகத்தான் வந்தான், முகம் செத்துப் போயிருந்தது. படியின் கடைசியில் நின்றவன், துணி மூடாத திரையைப் பார்த்தான். அதில் மின்னிய பெயரைப் பார்த்தான். பிறகு அவள் தலையில் ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்து கிடந்த ஹெட்போனைப் பார்த்தான். இப்போது அவனுக்குச் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. முகத்தில் அப்படியே தெரிந்தது.

"நீங்களா அண்ணி?"

ஊசி அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்போ உங்களைத்தான்..."

"ஆமா தம்பி. நீதானே கூப்பிட்டே. வந்தேன்."

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஆட்டம் முடிஞ்சுதா? யாராவது வாங்க, நான் எழுந்திருக்கணும்."

கொழுந்தனின் கண் பழக்கத்தில் அவள் பக்கம் போனது. அவள் எழுந்திருப்பாள் என்று காத்து நின்றான். ஊசி ஹெட்போனின் மறுபக்கத்தை இழுத்துத் திறந்திருந்த காதின்மேல் வைத்து மூடிக்கொண்டு, திரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு காதிலும் தவளையின் ஆட்கள் சிரிக்கிற சத்தம் நிறைந்தது. திரையின் கறுப்பான ஓரத்தில் அவன் நிழல் கொஞ்ச நேரம் அசையாமல் தெரிந்தது. பிறகு அது அம்மாவின் அறைப்பக்கம் நகர்ந்து போனது.