இலோனாவின் குதிகால்

இலோனா எங்கள் ஈட்டிப் பயிற்சி முற்றத்துக்கு வந்த நாளில் அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு அறவே பிடிக்கவில்லை. ஹங்கேரிக்காரி, சீனாவுக்கு வந்து எங்கள் சாங்சோ நகரக் குழாய்த் தொழிற்சாலையில் பற்றவைப்பைச் சோதிக்கும் வேலை. வயது முப்பத்தைந்து. ஈட்டி படிக்க வேண்டும் என்று ஜி வாத்தியார் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு மாசம் தாங்குவாளா?" என்றான் ஒருவன்.

"ஒரு வாரம். என்கிட்ட விடுங்க," என்றேன். நான் பாங் தெஹாய், லாரி மெக்கானிக், வாத்தியாரின் மூத்த சீடன்.

பயிற்சி என்ற பெயரில் விலாவிலும் முழங்காலிலும் அடித்தேன். மறுநாள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, நேத்து எடது பக்கம் மட்டும் அடிச்சீங்க," என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

இப்படியே ஆறு வருடம். புத்தாண்டு வசந்த விழாவுக்கு எங்களோடு உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிப்பாள். அவள் பிடித்ததை மட்டும் வாத்தியாரம்மா தனித் தட்டில் வைப்பாள்.

நகர விழா மேடைகளில் மட்டும் அவளுக்குச் சிவப்புப் பட்டு உடுத்தி முன்வரிசையில் நிறுத்துவார் வாத்தியார். அவள் படத்தைப் பார்த்துப் புது ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனால் அவள் வேலைக்குப் போன பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்குப் பாடம் நடக்கும். ஈட்டி பாய்ச்சும்போது பின்காலின் குதி தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அவளுக்கு மட்டும் தூக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். பார்க்க அழகு, தள்ளினால் விழுவாள்.

போன இலையுதிர்காலத்தில் அவளை முறைப்படி சீடராக ஏற்கப்போவதாக அறிவித்தார். மண்டியிட்டுத் தேநீர் கொடுக்கும் சடங்கு, தொலைக்காட்சிக்காரர்களும் வருவார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. வாத்தியார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் அவளை மூன்று முறை தள்ளிவிட்டேன்.

மூன்றாவது முறை தரையில் கிடந்தபடியே கேட்டாள்: "எங்க தப்புப் பண்றேன்?"

"நீ எங்க பண்ணுன? சொல்லிக் குடுத்ததே தப்பு. எங்கள்ல யாராச்சும் குதிகாலத் தூக்குறோமா, பாத்திருக்கியா?"

இரக்கத்தில் சொல்லவில்லை. கேட்டால் ஊரைவிட்டே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

சடங்கு நாளில் கோப்பையோடு வந்தாள். மண்டியிடவில்லை.

"வாத்தியாரே, ஈட்டி பாய்ச்சுறப்போ குதிகால் தரையில இருக்கணுமா, தூக்கணுமா?"

"மொதல்ல டீயக் குடும்மா."

"சொல்லுங்க, குடுக்குறேன்."

படம் எடுப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியாரின் முகம் கறுத்தது. "வெளியாளுக்கு அது போதும்," என்றார்.

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். சுவரில் இருந்த முன்னோர் பெயர்ப் பலகைக்கு மட்டும் குனிந்து வணங்கிவிட்டு வெளியேறினாள்.

அவளுக்குச் சொன்னது யார் என்று உடனிருந்தவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். விருந்தினர் போனதும் வாத்தியார் என் பெயரைச் சீடர் பட்டியலிலிருந்து அடித்தார். இருபத்திரண்டு வருடம். "வீட்டு ரகசியத்தத் தெருவுல வித்தவன்," என்றார். நான் அவளைத்தான் மனதுக்குள் சபித்தேன்.

பத்து நாள் கழித்து என் பட்டறைக்கு வந்தாள், கையில் ஈட்டியோடு.

"நன்றி சொல்ல வந்தியா? போயிரு," என்றேன்.

"நன்றியா? அன்னிக்கு ரெண்டாவது தடவ வேணும்னே இடுப்புல குத்துனீங்க. அதுக்கு வந்தேன்."

டயர் குவியலுக்கு நடுவே மோதினோம். முதல் தள்ளலிலேயே தெரிந்தது: குதிகால் ஊன்றியிருந்தது, அவள் அசையவில்லை. என் உதடு கிழிந்தது. இரண்டாம் முறைதான் அவளைக் கீழே சாய்க்க முடிந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன்," என்று மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஒரு வாரம் வெற்றி அவளுக்கு, ஒரு வாரம் எனக்கு. அவள் தொழிற்சாலையில்தான் இன்னும் இருக்கிறாள்; ஊர் திரும்பும் எண்ணம் இல்லையாம். அவள் என் சிஷ்யையா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்கிறார், இல்லை என்கிறேன். சிநேகிதமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். "அந்த ஆளோடயா?" என்று காறித் துப்பினாளாம்.