கொசுவலைக்குள்ளிருந்து பார்த்த பெரியகுளம்

நேற்று எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு நைலான் வலை அடிக்க ஒருவர் வந்தார். வேலையை முடித்துவிட்டு, "பாருங்கம்மா, கொசு வராது. ஆனா வெளிய எல்லாம் தெரியும்" என்றார். பார்த்தேன். தெருவில் போன லாரியின் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. வலைக்கு அப்பால் அந்த ஒளி நாலு முனை நட்சத்திரமாக விரிந்தது. உடனே எனக்கு யூகலிப்டஸ் தைல வாடை அடித்தது. வீட்டில் தைலமே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகி, பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போனேன். மாமனாருக்குக் காய்கறி மண்டி. வீடு பெரியது, ஜன்னல் சிறியது. குளிர் வந்துவிடும் என்று அதையும் சாத்தி வைத்திருப்பார்கள். மாதங்கள் போயும் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை. பேச்சை எடுத்தாலே அத்தை, அதாவது என் மாமியார், "போகலாம், போகலாம்" என்று அடுப்பைப் பார்ப்பார்.

ஒரு நாள் எல்லோரும் அடுக்கம் பக்கம் இறங்கும் பாதையில் ஓடைக்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. அங்குள்ள பாறை விளிம்பிலிருந்து பார்த்தால் பெரியகுளம் தெரியும். அம்மாவுக்கு ரகசியமாகக் கடிதம் போட்டேன். அன்றைக்குப் பத்து மணிக்கு நம் மாடியில் நின்று, சுவர்க் கண்ணாடியை வெயிலில் மலைப்பக்கம் திருப்பிக் காட்டு, பார்க்கிறேன். பதினொரு மணிக்கு மேல் மஞ்சு ஏறிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

ஓடைக்கரையில் எள்ளளவு கறுப்பு ஈக்கள் உண்டு. கடிக்கும்போது தெரியாது, மறுநாள் கொப்புளமாக வீங்கும். மறுநாளோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதனால் அத்தை கட்டில் கொசுவலையைக் கொண்டுவந்து இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, தைலம் தெளித்து, என்னை உள்ளே உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்துகொண்டார். ஆண்கள் எல்லோரும் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை வந்து வலைக்கு வெளியே நின்று, "பலகாரம் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பூண்டு மூட்டையோடு மலையேறி வந்த ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்னங்கத்தே, மருமகள வலைக்குள்ள அடச்சு வச்சிருக்கீங்க? பறந்து போயிருமாக்கும்?"

"ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போடி. நாளைக்கு இந்த மூஞ்சியத்தான் கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

பத்து மணி நெருங்கியது. பருத்தி வலை வழியாகப் பள்ளத்தாக்கு வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. கை கழுவி வருகிறேன் என்றேன்.

"சொம்புல தண்ணி இருக்கு. உள்ளயே கழுவு."

கழுவினேன். ஏற்கெனவே கழுவிய கைதான். பிறகு முகத்தை வலையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். வெகு கீழே, குளத்து மினுமினுப்பை ஒட்டி, ஒரு வெளிச்சம். அணைந்தது. மறுபடி வந்தது. நாலு முனை நட்சத்திரம்.

நான் பார்த்தது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எவர்சில்வர் தட்டை எடுத்தேன். வலையின் அடியைத் தூக்கி, முழங்கைவரை வெளியே நீட்டி வெயிலில் ஆட்டினேன். ஈக்கள் கையில் அப்பின.

"என்னடி பண்ணுற?"

"அம்மா அத்தே. அங்க."

அத்தை என் தோளுக்கு மேலாகக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். கையை உள்ளே இழுக்கப் போகிறார் என்று நினைத்தேன். தன் முந்தானையை என் கையில் சுற்றிவிட்டு, "வெரசாக் காட்டு, மஞ்சு ஏறுது" என்றார். வெளியே மட்டும் விடவில்லை.

மறுநாள் கல்யாண வீட்டில் முகம் பளிச்சென்று இருந்தது. கை வீங்கி வளையல் இறுகிப்போய், சோப்புப் போட்டும் கழலவில்லை. ஆடிக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள்: "அது நீதானா? எங்கிட்டோ ஒண்ணு கெடந்து துடிச்சுச்சு. நான் சமையக்கட்டுக்கே போகலடி, மலை மறையுற வரைக்கும்."

அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. அந்த மாடி வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். போன வருஷம் பாறைக்குப் போயிருந்தேன். ஓடை வற்றிக் கிடந்தது, அதோடு ஈக்களும் போய்விட்டன. இப்போது அங்கே வலையில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம்.